காலேஜ் சீட் கையில், ஆர்மி கான்ட்ராக்ட் மேஜையில்: அட்மிஷனை இழக்காமல் ராணுவத்தில் சேர

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்கு மார்ச் கடைசிக்குள் கல்லூரி முடிவுகள் வந்துவிடும். மே 1க்குள் ஏதாவது ஒரு கல்லூரிக்கு டெபாசிட் கட்டியாக வேண்டும். இந்த ஐந்து வாரத்தில்தான் சில வீடுகளில் "நான் முதல்ல ஆர்மிக்குப் போறேன், காலேஜ் அப்புறம்" என்ற பேச்சு கிளம்பும். நம்மவர் வீட்டில் அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அப்ப கிடைச்ச சீட்டு?"

சீட்டைக் காப்பாற்ற வழி இருக்கிறது, சட்டமே இருக்கிறது. ஆனால் தானாக எதுவும் நடக்காது. படைக்கு ஆள் சேர்க்கும் ரெக்ரூட்டருக்குக் கல்லூரி விதி தெரியாது. அட்மிஷன் அலுவலகத்தில் இருப்பவருக்கு ராணுவக் காகிதத்தைப் பார்த்துப் பழக்கமிருக்காது. இரண்டு இடத்துக்கும் நடுவே ஓடிக் காகிதம் சேர்க்க வேண்டியது பிள்ளைதான். போகலாமா கூடாதா என்பது உங்கள் வீட்டு விவகாரம். போவதென்று முடிவானபின் எதை எந்த வரிசையில் செய்வது என்பது மட்டும் இங்கே.

சட்டம் என்ன சொல்கிறது

2008இல் உயர்கல்விச் சட்டத்தில் 484சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அதன் விதிமுறைகள் 2010 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ளன. கூட்டாட்சி நிதியுதவித் திட்டத்தில் இருக்கும் எல்லாக் கல்லூரிக்கும் இது பொருந்தும். நடைமுறையில், உங்கள் பிள்ளை விண்ணப்பித்த கல்லூரிகளில் ஏறக்குறைய எல்லாமே இதில் அடங்கிவிடும். ராணுவப் பணிக்காகப் படிப்பை விட்டுப் போனவரைத் திரும்பச் சேர்க்க மறுக்கக் கூடாது என்பது சாரம். பலரும் இதை ஏற்கனவே வகுப்பில் இருந்தவர்களுக்கு மட்டுமான சட்டம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அட்மிஷன் கிடைத்து, பணி காரணமாக வகுப்பே தொடங்காதவரையும் விதிமுறை வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்கிறது. நம் விஷயத்துக்கு உயிர்நாடி அந்த ஒரு வாக்கியம்தான்.

நிபந்தனைகள் உண்டு. பணி தொடர்ந்து 30 நாளுக்கு மேல் நீடிக்க வேண்டும். தானாக விரும்பிச் சேர்ந்தாலும் சரி, ஆணையின் பேரில் போனாலும் சரி. மாநிலப் பகுதிநேரப் படையான நேஷனல் கார்டு என்றால் கூட்டாட்சி அதிகாரத்தின் கீழான முழுநேரப் பணியாக இருக்க வேண்டும். மாதாந்திர வாரக்கடைசிப் பயிற்சி இதில் வராது, பேசிக் டிரெய்னிங் வரும். மொத்தத்தில் 5 ஆண்டு வரை கணக்கு. முதல் கான்ட்ராக்டின் கட்டாயக் காலமே 5 ஆண்டைத் தாண்டினால் அந்தக் கூடுதல் காலத்துக்கு விலக்கு உண்டு. பணி முடிந்த 3 ஆண்டுக்குள் திரும்பி வருவதாகக் கல்லூரிக்குத் தெரிவிக்க வேண்டும். அவமதிப்பு நீக்கம், நன்னடத்தையின்மை நீக்கம் போன்றவற்றோடு வெளியேறினால் இந்த உரிமை போய்விடும்.

திரும்பும்போது அதே படிப்பில் சேர்க்க வேண்டும் என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரடியாகக் கம்ப்யூட்டர் சயின்ஸில் இடம் கிடைத்தவர் திரும்பி வரும்போது, "இப்போது பொதுப் பிரிவில்தான் இடம், பிறகு மாறிக்கொள்" என்று சொல்ல முடியாது. அந்தப் படிப்பையே கல்லூரி நிறுத்தியிருந்தால் மட்டும் அதற்கு நெருக்கமான வேறொன்று. முதல் கல்வியாண்டுக் கட்டணமும், போகாமல் இருந்திருந்தால் அன்று எவ்வளவு கட்டியிருப்பாரோ அவ்வளவுதான். கூடுதல் தொகையைப் படைவீரர் கல்வி உதவி ஈடுகட்டினால் மட்டும் புதிய கட்டணம் வாங்கலாம்.

சட்டம் காப்பது இடத்தை, ஸ்காலர்ஷிப்பை அல்ல. கல்லூரி தரும் மெரிட் பணம், ஹானர்ஸ் பிரிவு, விடுதி அறை, வெளி அமைப்பின் பரிசுத் தொகை எல்லாம் தனித்தனி விதிக்குக் கட்டுப்பட்டவை. ஒவ்வொன்றையும் தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்க வேண்டும். ஃபுளோரிடாவின் பிரைட் ஃப்யூச்சர்ஸ் போன்ற சில மாநிலத் திட்டங்கள், பள்ளி முடித்தவுடன் படையில் சேர்ந்தவர்களுக்குக் காலக்கெடுக் கடிகாரத்தைப் பணி முடிந்த நாளிலிருந்து ஓட்டுகின்றன. எல்லா மாநிலமும் அப்படியில்லை.

டெபாசிட் கட்டுங்கள்

"எப்படியும் இந்த வருஷம் போகப் போறதில்லை, எதுக்கு முன்னூறு டாலர்?" என்று டெபாசிட் கட்டாமல் விடுவதுதான் முதல் தவறு. மே 1 தாண்டியதும் அட்மிஷன் காலாவதியாகிவிடும். அது ராணுவப் பணியால் போனதல்ல, நீங்கள் பதில் சொல்லாததால் போனது. இல்லாத இடத்தை எந்தச் சட்டமும் காப்பாற்றாது. ஒரே ஒரு கல்லூரியில் ஏற்றுக்கொண்டு டெபாசிட் கட்டுங்கள். பாதுகாப்புக்கு என்று இரண்டு கல்லூரியில் கட்டினால், தெரியவரும்போது இரண்டுமே ரத்தாகலாம்.

விடுதி டெபாசிட், ஓரியன்டேஷன் கட்டணம், உணவுத் திட்டம் ஆகியவை வேறு. அவற்றை இன்னும் கட்டவில்லை என்றால் கட்ட வேண்டாம். கட்டியிருந்தால் ரத்து செய்யும் கடைசித் தேதியைப் பாருங்கள். பெரும்பாலும் அது அட்மிஷன் தேதிகளோடு ஒத்துப்போகாது.

பள்ளியின் இறுதி மதிப்பெண் சான்றிதழ் கோடையில் கல்லூரிக்குப் போய்ச் சேர வேண்டும். இது சின்ன விஷயம்போலத் தெரியும். பிள்ளை ஜூனில் பேசிக் டிரெய்னிங்கில் இருக்கும், பள்ளி அலுவலகம் பூட்டியிருக்கும், கல்லூரி ஆகஸ்டில் "இறுதிச் சான்றிதழ் வரவில்லை, அட்மிஷன் ரத்து" என்று மின்னஞ்சல் அனுப்பும். அதைப் படிக்க ஆள் இருக்காது.

கல்லூரிக்கு எழுதுவது

அட்மிஷன் அலுவலகத்துக்கு எழுதினால் முதலில் வரும் பதில் பெரும்பாலும் கேப் இயர், அதாவது இடைவெளி ஆண்டு, படிவம்தான். அதில் ஓராண்டு மட்டும் என்றிருக்கும். வேறெங்கும் கிரெடிட் எடுக்கக் கூடாது, மறு ஆண்டு இடம் உறுதியில்லை என்றெல்லாம் நிபந்தனை இருக்கும். ஊர் சுற்றப் போகிறவர்களுக்கான படிவம் அது. நான்கு ஆண்டுக் கான்ட்ராக்டுக்கு அது பொருந்தாது. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாமல், இது ராணுவப் பணிக்கான விலகல், 484சி பிரிவின்படி அறிவிப்பு என்று திரும்ப எழுதுங்கள். இத்தகைய அறிவிப்பை வாங்க ஓர் அலுவலகத்தைக் கல்லூரி நியமித்திருக்க வேண்டும் என்பது விதி. அது பெரும்பாலும் பதிவாளர் அலுவலகமாகவோ படைவீரர் உதவி மையமாகவோ இருக்கும். அட்மிஷனில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் அங்கே கேளுங்கள்.

கடிதம் அரைப் பக்கம் போதும். பெயர், விண்ணப்ப எண், எந்தப் பருவத்துக்கு எந்தப் படிப்பில் இடம் கிடைத்தது, படையின் எந்தப் பிரிவு, புறப்படும் தேதி, எத்தனை ஆண்டு, எப்போது திரும்பும் எண்ணம். கடைசியில் இரண்டு கேள்வி: இடம் பாதுகாக்கப்பட்டதை எழுத்தில் உறுதிசெய்ய முடியுமா, ஸ்காலர்ஷிப் நிலை என்ன. சட்டப்படி வாயால் சொன்னாலே போதும், குறிப்பிட்ட வடிவம் எதுவும் தேவையில்லை. அறிவிப்பு தராமலே போனவர்கூடத் திரும்பும்போது உறுதிமொழி எழுதிக் கொடுக்கலாம். ஆனாலும் நான்கு ஆண்டில் அந்த அலுவலகத்தில் மூன்று பேர் மாறியிருப்பார்கள். வாய்ப்பேச்சை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். பதில் மின்னஞ்சலைப் பிடிஎஃப்பாக்கி வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். பள்ளி தந்த மின்னஞ்சல் முகவரியிலிருந்து எழுதவே கூடாது. பட்டம் வாங்கிய சில மாதத்தில் அந்தக் கணக்கு மூடப்படும்.

எப்போது எழுதுவது? கையெழுத்திட்ட கான்ட்ராக்டும் புறப்படும் தேதியும் கையில் வந்த பிறகு. "ஆர்மிக்குப் போகலாம்னு இருக்கேன்" என்ற நிலையில் எழுதினால் கல்லூரியால் ஒன்றும் செய்ய முடியாது. உடல் பரிசோதனையில் தேறாமல் போனால் வீண் குழப்பமும் வரும்.

அந்தப் பக்கம்: மெப்ஸ், உடல் பரிசோதனை, கையெழுத்து

ரெக்ரூட்டரைப் பார்ப்பது, ஆஸ்வாப் என்ற தகுதித் தேர்வு, மெப்ஸ் என்ற மையத்தில் உடல் பரிசோதனை, வேலைத் தேர்வு, கையெழுத்து. வரிசை இதுதான். ஆர்மிக்குப் பள்ளிப் பட்டத்தோடு வருபவருக்கு ஆஸ்வாப்பில் குறைந்தபட்சத் தகுதி மதிப்பெண் 31. கல்லூரி இடம் வாங்கிய பிள்ளைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. ஆனால் நல்ல தொழில்நுட்பப் பிரிவு வேண்டும் என்றால் உட்பிரிவு மதிப்பெண்களும் உயர்வாக வேண்டும். ஒரு மாலை கணக்கையும் எந்திர அறிவையும் புரட்டிவிட்டுப் போவது வீணாகாது.

சறுக்குவது மருத்துவத்தில். 2022 முதல் மெப்ஸ் மருத்துவர்கள் விண்ணப்பதாரரின் பழைய மருத்துவப் பதிவுகளையும் மருந்துச் சீட்டுகளையும் கணினியில் பார்க்கிறார்கள். 13 வயதுக்குப் பிறகு ஆஸ்துமா என்று எங்காவது பதிவாகியிருந்தால் அது தகுதி நீக்கம். விலக்கு கேட்க வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். சளிக்கு மருத்துவர் போகிறபோக்கில் எழுதித் தந்த இன்ஹேலரும் கேள்வியாகும். கவனக்குறைவுக்கான மருந்து, ஒவ்வாமை, பழைய எலும்பு முறிவு, மனநல ஆலோசனை எல்லாமே அப்படித்தான். "அதைச் சொல்லாதே" என்று யார் சொன்னாலும், ரெக்ரூட்டரே சொன்னாலும், கேட்காதீர்கள். மறைத்துச் சேர்வது மோசடிச் சேர்க்கை. நடுவில் தெரிந்தால் வெளியேற்றம், கல்வி உதவிக்கும் ஆபத்து. ஏப்ரலில் முடிவெடுத்து ஜூனில் புறப்பட நினைப்பவர்கள் இந்த விலக்குக் காலத்தை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் டெபாசிட் முன்கூட்டியே கட்டியிருக்க வேண்டும் என்பது. விலக்கு கிடைக்காவிட்டால் ஆகஸ்டில் வகுப்புக்குப் போய்விடலாம்.

17 வயதுப் பிள்ளைக்குப் பெற்றோர் சம்மதக் கையெழுத்து தேவை. 18 ஆகிவிட்டால் உங்களைக் கேட்கவே வேண்டியதில்லை.

கையெழுத்துப் போட்டதும் உடனே போவதில்லை. தாமதச் சேர்க்கைத் திட்டத்தில் ஓராண்டு வரை காத்திருக்கலாம். முதல் உறுதிமொழி அங்கே, இரண்டாவது உறுதிமொழி புறப்படும் நாளில். இரண்டுக்கும் நடுவில் மனம் மாறினால் விலகல் கடிதம் எழுதி வெளியே வரலாம். கைது செய்வார்கள், இனி அரசு வேலையே கிடைக்காது என்று யாராவது மிரட்டினால் அது பொய். இரண்டாவது உறுதிமொழிக்குப் பிறகு கதை வேறு.

கான்ட்ராக்டின் முதன்மைப் படிவம் டிடி 4. எழுத்தில் இல்லாத எந்த வாக்குறுதியும் செல்லாது என்று அதிலேயே அச்சாகியிருக்கிறது. வேலைப் பிரிவு, ஆண்டுகள், சேர்க்கை ஊக்கத்தொகை எல்லாம் இணைப்புகளில் இருக்கிறதா என்று வரிவரியாகப் பாருங்கள். "காலேஜுக்கு நேரம் கிடைக்கும், யூனிட்ல பேசிக்கலாம்" என்பதெல்லாம் காற்றில் எழுதியது. இன்னொன்று: கான்ட்ராக்ட் 3 ஆண்டோ 4 ஆண்டோ, மொத்தக் கடப்பாடு 8 ஆண்டு. மீதிக் காலம் பயிற்சி எதுவும் இல்லாத ரிசர்வில் பெயர் இருக்கும், தேவைப்பட்டால் அழைக்கலாம்.

நம்மவர்களுக்கென்று சில

குடியுரிமை அல்லது கிரீன் கார்டு இல்லாமல் சேர முடியாது. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்4இல் இருக்கும் பிள்ளை எவ்வளவு ஆசைப்பட்டாலும் இப்போது வழியில்லை. தற்காலிக விசாவில் இருப்பவர்களை மொழித் திறமைக்காகச் சேர்த்த மாவ்னி என்ற திட்டம் 2008இல் அறிவிக்கப்பட்டது. அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. 2016இல் அதை நிறுத்திவிட்டார்கள். பழைய வலைப்பதிவுகளைப் படித்துவிட்டு இன்னும் விசாரிப்பவர்கள் உண்டு.

கிரீன் கார்டு பிள்ளைகள் சேரலாம். ஆனால் பாதுகாப்பு அனுமதி தேவைப்படும் வேலைகள், அதாவது உளவு, சைபர் போன்ற நம் பிள்ளைகள் விரும்பும் பிரிவுகள், குடியுரிமை கிடைக்கும்வரை மூடியே இருக்கும். பணியில் இருப்பவர் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. என்-400 படிவத்தோடு, பணியைச் சான்றளிக்கும் என்-426 படிவமும் வேண்டும்.

பாதுகாப்பு அனுமதிக்கு எஸ்எஃப்-86 என்ற நீண்ட படிவம். வெளிநாட்டு உறவினர், வெளிநாட்டுப் பயணம், வெளிநாட்டுச் சொத்து எல்லாம் கேட்பார்கள். தாத்தா பேரன் பெயரில் எழுதிவைத்த வீட்டுமனை, அம்மாவோடு கூட்டாக இருக்கும் இந்திய வங்கிக் கணக்கு, பிள்ளைக்கே தெரியாமல் போட்ட வைப்புத்தொகை, அத்தனையும் அங்கே எழுத வேண்டியவை. இருப்பதால் பிரச்சினையில்லை, விடுபட்டால்தான் பிரச்சினை. ஊருக்குப் போய்வந்த தேதிகளைப் பாஸ்போர்ட் முத்திரை பார்த்து முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.

இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை பற்றிப் பலர் கடைசியில்தான் கேட்கிறார்கள். வெளிநாட்டு ராணுவத்தில் பணியில் இருப்பவரும் ஓய்வு பெற்றவரும் ஓசிஐ பெறத் தகுதியில்லை என்று இந்திய உள்துறை அமைச்சகத்தின் குறிப்பு சொல்கிறது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு சேர்ந்து, பணியின் வழியாக அமெரிக்கக் குடியுரிமை வாங்கும் பிள்ளைக்கு இதன் பொருள் தெளிவு: இந்தியக் குடியுரிமை தானாகப் போய்விடும், அதற்குப் பதில் ஓசிஐயும் வராது, பாட்டியைப் பார்க்கப் போக விசா எடுக்க வேண்டும். ஏற்கனவே ஓசிஐ அட்டை உள்ளவர்கள் கையெழுத்துக்கு முன்பே தூதரகத்தில் எழுத்துமூலம் கேட்டுவிடுங்கள்.

நாள்காட்டிக் கணக்கு

எந்த மாதம் புறப்படுகிறோம் என்பதைப் பெரும்பாலோர் ரெக்ரூட்டர் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறார்கள். அதுதான் திரும்பி வரும் மாதத்தையும் முடிவுசெய்கிறது. ஜூனில் புறப்பட்டவரின் நான்கு ஆண்டு ஜூனில் முடியும், ஆகஸ்டில் வகுப்பு. அக்டோபரில் புறப்பட்டால் அக்டோபரில் முடியும். பல கல்லூரிகள் புதியவர்களை இலையுதிர் பருவத்தில் மட்டும் எடுத்துக்கொள்வதால் பத்து மாதம் சும்மா. விடுப்பு ஆண்டுக்கு 30 நாள் சேரும். 60 நாள் சேர்த்து வைத்துக் கடைசியில் எடுத்தால் செப்டம்பர்க்காரர்கூட ஆகஸ்ட் வகுப்பைப் பிடிக்கலாம். அக்டோபர் கடைசி என்றால் கஷ்டம்.

"சீக்கிரம் வெளியே வந்து கல்லூரியில் சேர்கிறேன்" என்று மூன்றாண்டுக் கான்ட்ராக்டில் இரண்டு மாதம் முன்னதாக விடுவித்துக்கொள்வதில் ஒரு பொறி இருக்கிறது. 9/11க்குப் பிந்தைய ஜிஐ பில் என்ற படைவீரர் கல்வி உதவி முழுமையாக, நூறு சதவீதம், கிடைக்க 36 மாத முழுநேரப் பணி வேண்டும். 34 மாதத்தில் வெளியே வந்தால் 90 சதவீதம். பத்து சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் தனியார் கல்லூரியின் மீதிக் கட்டணத்தைக் கல்லூரியும் அரசும் பங்கிட்டுக்கொள்ளும் யெல்லோ ரிப்பன் திட்டம் நூறு சதவீதக்காரர்களுக்கு மட்டும். இரண்டு மாத அவசரத்தில் அதுவும் சேர்ந்து போய்விடும். பணி முடிவில் எடுக்கும் விடுப்பு பணிக்காலமாகவே கணக்கில் வரும். ஆகவே முன்கூட்டி விடுவித்துக்கொள்வதைவிட விடுப்பைச் சேமிப்பதே மேல்.

நேஷனல் கார்டு, ரிசர்வ் வழியில் போகிறவர்கள் பயிற்சியை மட்டும் முடித்துவிட்டுக் கல்லூரிக்கு வருவார்கள். ஆர்மி பேசிக் டிரெய்னிங் 10 வாரம். அதன்பின் வேலைப் பயிற்சி: போர்க்கள மருத்துவ உதவியாளருக்கு 16 வாரம், காலாட்படைக்கு இரண்டும் சேர்ந்து 22 வாரம், மொழிப் பள்ளி என்றால் 64 வாரம் வரைகூட. காகிதத்தில் ஜூன் நடுவில் புறப்பட்ட மருத்துவ உதவியாளர் டிசம்பர் நடுவில் முடித்து ஜனவரி வகுப்புக்கு வந்துவிடலாம். நடப்பில் தொடக்கப் பதிவுக்கு ஒரு வாரம், அடுத்த பயிற்சி வகுப்பு தொடங்கும்வரை காத்திருப்பு, கிறிஸ்துமஸை ஒட்டி இரண்டு வாரப் பயிற்சி நிறுத்தம், கால் சுளுக்கினால் பின் வகுப்புக்குத் தள்ளிவிடுதல் என்று எல்லாம் சேரும். ஆகவே ஜனவரியை நம்பாமல் அடுத்த ஆகஸ்ட் என்றே கல்லூரியிடம் சொல்லுங்கள். குறுகிய வேலைப் பயிற்சி என்றால், ஒரு கோடையில் பேசிக், மறு கோடையில் வேலைப் பயிற்சி என்று பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு கார்டில் உண்டு. அதுவும் கான்ட்ராக்டில் எழுதியிருக்க வேண்டும்.

நேஷனல் கார்டு வழியில் போகிறவர் முழு ஜிஐ பில்லை எதிர்பார்க்கக் கூடாது. தொடக்கப் பயிற்சிக் காலம், மொத்தப் பணி 24 மாதத்துக்குக் குறைவாக இருந்தால், அந்தக் கணக்கில் சேராது. அவர்களுக்கு வேறு மாதாந்திர உதவித் திட்டம் உண்டு, தொகை சிறியது. மாநிலக் கட்டண விலக்குதான் அங்கே கை கொடுக்கும்.

பணம்

ஜிஐ பில் 36 மாதம், அதாவது ஒன்பது மாதக் கல்வியாண்டுகள் நான்கு. அரசுக் கல்லூரியில் அந்த மாநில மாணவருக்கான முழுக் கட்டணம். தனியார் என்றால் ஓர் உச்சவரம்பு, ஆண்டுதோறும் ஆகஸ்ட் 1இல் மாறும். அதற்கு மேல் யெல்லோ ரிப்பன். எந்தக் கல்லூரி எத்தனை பேருக்கு எவ்வளவு தருகிறது என்பது கல்லூரிக்குக் கல்லூரி வேறு. புத்தகத்துக்கு ஆண்டுக்கு 1,000 டாலர் வரை. வீட்டு வாடகை உதவி கல்லூரி இருக்கும் ஊரைப் பொறுத்தது. எல்லா வகுப்பையும் ஆன்லைனில் எடுத்தால் அது தேசிய சராசரியின் பாதியாகக் குறையும்; ஒரு வகுப்பாவது நேரில் எடுங்கள். 2013 ஜனவரி 1க்குப் பிறகு பணி முடித்தவர்களுக்கு இந்த உதவி காலாவதியாவதில்லை.

டெக்சாஸ் குடும்பங்கள் ஹேஸில்வுட் சட்டத்தையும் பார்க்க வேண்டும். டெக்சாஸிலிருந்து படையில் சேர்ந்து, பயிற்சிக் காலம் நீங்கலாக 181 நாள் பணி செய்தவருக்கு அரசுக் கல்லூரிகளில் 150 கிரெடிட் மணி வரை கட்டண விலக்கு.

நம் வீடுகளில் கவனிக்கப்படாமல் போவது ஃபாஃப்சா என்ற அரசு நிதியுதவி விண்ணப்பம். அப்பா அம்மா இருவரும் ஐடி சம்பளம் வாங்கும் வீட்டுப் பிள்ளைக்கு 18 வயதில் தேவை அடிப்படையிலான உதவி ஒரு டாலர்கூட வராது. அதே பிள்ளை பணி முடித்து வரும்போது ஃபாஃப்சாவில் சுதந்திர மாணவர். பெற்றோர் வருமானம் கேட்கப்படாது. முழுநேரப் பணியில் இருந்துவிட்டு வந்தவருக்குத்தான் இது. பயிற்சிக்கு மட்டும் போய்வந்த கார்டு வீரருக்கு இல்லை. சொந்தப் படிவம் கேட்கும் தனியார் கல்லூரிகள் பெற்றோர் வருமானத்தைக் கேட்கலாம், அது அவர்கள் விருப்பம். 529 என்ற கல்விச் சேமிப்புக் கணக்கில் போட்டு வைத்த பணம் அப்படியே இருக்கட்டும். படைவீரர் கல்வி உதவி கிடைத்த அளவுக்கு எடுத்தால் பத்து சதவீத அபராத வரி இல்லை, லாபத்துக்கு வருமான வரி மட்டும் உண்டு.

ஆர்ஓடிசி ஸ்காலர்ஷிப் இதெல்லாவற்றிலிருந்தும் வேறு. அது கல்லூரிக்குள் இருந்துகொண்டே அதிகாரியாகும் வழி. இடத்தைத் தள்ளிவைக்கத் தேவையே இல்லை. ஆனால் அந்த ஸ்காலர்ஷிப்புக்கு ஈடாகச் செய்யும் கட்டாயப் பணி ஜிஐ பில் கணக்கில் வராது என்பதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள்.

புறப்படும் வாரம்

பேசிக் டிரெய்னிங்கில் பத்து வாரம் கைப்பேசி ஏறக்குறைய இல்லை. கடிதம்தான் வழி. அந்தப் பத்து வாரத்தில்தான் கல்லூரி அத்தனை மின்னஞ்சலும் அனுப்பும்: தடுப்பூசிப் பதிவு, கட்டண ரசீது, ஓரியன்டேஷன். ராணுவ விலகல் என்று ஒரு கணினியில் பதிந்திருக்கும், கட்டணப் பிரிவின் கணினியில் பதிந்திருக்காது. அங்கிருந்து தாமதக் கட்டணம் ஓடத் தொடங்கும். பெற்றோர் தொலைபேசியில் அழைத்தால் தனியுரிமை என்று சொல்லிப் பேச மறுப்பார்கள். புறப்படும் முன் பிள்ளை கல்லூரியின் தகவல் பகிர்வு ஒப்புதலில் உங்கள் பெயரைச் சேர்க்கட்டும். வங்கி, வரி விஷயங்களுக்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதி வையுங்கள். மின்னஞ்சலை வாரம் ஒருமுறை பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும்.

முதல் வாரங்களிலேயே காயம், கண்டறியாத நோய் என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள் உண்டு. 30 நாள் ஆகாவிட்டால் 484சி பாதுகாப்பு கிடையாது, அப்போது கல்லூரியின் சொந்த விதிதான். வீட்டுக்கு வந்த வாரமே கல்லூரியை அழையுங்கள். வகுப்பு தொடங்கியிராவிட்டால் அந்தப் பருவத்திலேயே சேர்த்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. வெட்கப்பட்டு இரண்டு மாதம் பேசாமல் இருந்தால் எல்லாம் கைமீறிப் போகும்.

பணியில் இருக்கும்போது இலவசமாகக் கிடைக்கிறதே என்று வகுப்புகள் எடுப்பவர்கள் கல்லூரியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். குறிப்பிட்ட கிரெடிட்டைத் தாண்டினால் உங்களை மாற்று மாணவராகக் கருதி, புதியவர்களுக்கான ஸ்காலர்ஷிப்பை மறுக்கும் கல்லூரிகள் உண்டு. ராணுவப் பயிற்சிக்கே கிரெடிட் பரிந்துரைக்கும் ஜேஎஸ்டி என்ற பதிவும் உண்டு. அதைக் கல்லூரி எவ்வளவு ஏற்கும் என்பது அதன் விருப்பம்.

திரும்பும்போது

பணி முடிய எட்டு மாதம் இருக்கையில் கல்லூரிக்கு எழுதுங்கள், பழைய உறுதி மின்னஞ்சலை இணைத்து. ஜிஐ பில்லுக்கு 22-1990 படிவம், வரும் தகுதிச் சான்றைக் கல்லூரியின் சான்றளிப்பு அலுவலரிடம் கொடுக்க வேண்டும். பணி விடுவிப்புச் சான்றான டிடி 214இன் நான்காம் பிரதி கையில் இருக்கட்டும். விடுவிப்பு வகை அதில்தான் இருக்கும், கல்லூரி கேட்பதும் அதைத்தான். கால்குலஸ் நான்காண்டில் துருப்பிடித்திருக்கும். அதைக் காரணம் காட்டி உடனே கைவிரிக்கக் கல்லூரிக்கு அனுமதியில்லை. கூடுதல் கட்டணமின்றி நினைவூட்டல் வகுப்பு, தேர்வை மறுபடி எழுதும் வாய்ப்பு என்று நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று அதே விதிமுறை சொல்கிறது. அதையும் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.